பகலில் வராதவள்

லேபில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் சண்முகப்ரியா அந்த வீடியோவைப் பார்த்தாள். பிஸ்கட்டவே ஊர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் கணவன் மதன் போட்டிருந்தான். அட்டைப் பெட்டிக்குள், பழைய டவல் மேல், கண் திறக்காத நாலு முயல் குட்டிகள். கூடவே ஒரு வரி: ‘பெற்றவள் கைவிட்டாள், நாங்கள் கைகொடுத்தோம்.’ அதற்குக் கீழே இதயங்களும் கும்பிடுகளும் வரிசை கட்டி நின்றன. நீங்கள் தாய்க்கும் மேலே என்று ஒரு ஆன்ட்டி உருகியிருந்தார்.

தயிர்சாத டப்பாவை மூடி வைத்தாள். பசி செத்துப்போயிருந்தது.

அந்தத் தாயை அவளுக்குத் தெரியும். ஜனவரியில், வீட்டுக்குப் பின்னால் பனியில் பதிந்த காலடிகளாகத்தான் முதல் அறிமுகம். விடியும் நேரத்திலேயே வேலைக்குக் கிளம்புகிறவளுக்கு, காபியோடு சமையலறை ஜன்னலில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் சொந்தம். தின்ன ஒன்றும் கிடைக்காமல் ரோஜாச் செடியின் பட்டையை முயல் கடித்ததை அங்கிருந்துதான் பார்த்தாள். பனி உருகிப் புல் தலைகாட்டியதும் வேலியோரம் பள்ளம் பறித்தது. தன் மார்பு ரோமத்தைத் தானே பிடுங்கி அதில் மெத்தை போட்டது. அன்று காபி ஆறிப்போனது. குட்டி போட்ட பிறகு விடியலில் ஒரு தடவை, பொழுது சாய்ந்ததும் ஒரு தடவை வந்து பால் கொடுக்கும். பகலில் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது. மேலே வட்டமிடும் பருந்துக்கு வழிகாட்ட அதற்கென்ன பைத்தியமா?

இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது உறைத்தது. அதற்கும் சேர்த்து மதன் மேல்தான் கோபம் வந்தது.

மதனுக்கு வீட்டிலிருந்தே வேலை. நாலு வயது வெண்பாவை டேகேரில் விடுவதும் கூட்டிவருவதும் அவன் பொறுப்பு. செய்வதில் குறை சொல்ல முடியாது. ஆனால் செய்ததைச் சொல்லிக்காட்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது. போன மாதம் நண்பர்கள் வந்திருந்தபோது, இந்த வீட்டில் அம்மா வெறும் கெஸ்ட் ரோல்தான் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

மேனேஜரிடம் சொல்லிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தாள். பெட்டி லாண்டரி ரூமில் இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் பால், வெண்பாவுக்கு மருந்து கொடுக்கும் டிராப்பர். மூன்று குட்டிகள் நெளிந்தன. நாலாவது பேப்பர் டவலில் சுற்றி ஓரமாகக் கிடந்தது. அதன் மூக்கில் பால் காய்ந்திருந்தது.

“அது காலையிலேயே டல்லாத்தான் இருந்துச்சு,” என்றான் மதன்.

“பால் யாரு குடுத்தது?”

“நான்தான். பின்ன, பட்டினி போடச் சொல்றியா? நேத்துப் பகல் பூரா வாட்ச் பண்ணேன் ப்ரியா, பெத்தவ எட்டிக்கூடப் பாக்கல. இதுங்களோட அம்மா எங்கன்னு வெண்பாவே கேட்டா. விட்டுட்டுப் போயிட்டான்னு சொன்னேன்.”

வெண்பா கதவோரம் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முயலம்மா போனது ஆபீசுக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

சண்முகப்ரியாவுக்குச் சுருக்கென்றது. குரலை மட்டும் ஏற்றவில்லை.

“பகல்ல வந்தா பருந்து பாத்துடும். அதான் வரல. காலையில நீ தூங்கிட்டிருக்கும்போது வந்து பால் குடுத்துட்டுப் போறா. நீ பாக்கலைன்னா அவ வரலைன்னு அர்த்தமா மதன்?”

மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்த்துக்கொள்ளாது, திரும்பக் கொண்டுபோய் வைத்தால் மூன்றும் சாகும், அந்தப் பாவம் அவளைத்தான் சேரும் என்றான் அவன்.

“சரி, என்னையே சேரட்டும். இந்த நாலாவது யாரைச் சேரும்? கொண்டுபோய்ப் புதை. வேணும்னா அதையும் வீடியோ எடுத்துக்க.”

மதன் பேப்பர் டவலோடு வெளியே போனான்.

கையுறை மாட்டிக்கொண்டு, மூன்று குட்டிகளையும் பள்ளத்தில் வைத்து, ரோமத்தையும் காய்ந்த புல்லையும் மேலே மூடினாள். பிறகு சமையலறையிலிருந்து அரிசி மாவை எடுத்துவந்தாள். கராஜில் கோலப்பொடி இருந்தது, ஆனால் அது கல்பொடி, குட்டிகளின் மூக்கில் ஏறிவிடும். பள்ளத்தைச் சுற்றி டீ வடிகட்டியால் மாவைச் சன்னமாகத் தூவினாள். மறுபடியும் பொங்கலா என்றாள் வெண்பா.

“இல்லடா. இது சாட்சி.”

பொழுது சாயும் முன் சமையலறை விளக்கை அணைத்தாள். ஜன்னல் பக்கம் ஒருவரையும் விடவில்லை. படுத்தபோதுதான் பயம் பிடித்தது. மதன் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? அந்த நினைப்பு வந்ததற்கே அவன்மேல் இன்னொரு தடவை எரிச்சல் மூண்டது.

விடிந்தும் விடியாமலும் வெளியே போனாள். ஈரத்தில் மாவு படிந்திருந்தது. அதில் நீளமாக ஜோடிப் பின்னங்கால்கள், கூடவே பொட்டுப் பொட்டாக முன்னங்கால்கள். வந்த தடம், போன தடம், இரண்டும் இருந்தன. புல்லை விலக்கிப் பார்த்தாள். மூன்று வயிறுகளும் உருண்டிருந்தன. பழையபடி மூடிவிட்டுப் போனை எடுத்தாள்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த மதன், பின்வாசல் டெக்கில் நின்றபடியே அந்தத் தடங்களைப் பார்த்தான்.

“அந்த வீடியோவ டிலீட் பண்ணிடறேன்.”

“பண்ணாத. அது கீழயே நானும் போட்டிருக்கேன்.”

அவன் போனைத் திறந்தான். மாவில் பதிந்த காலடிகள். கூட ஒரே வரி: ‘கைவிடவில்லை. வேலைக்குப் போயிருந்தாள்.’ இதயம் ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை.

சண்முகப்ரியா கார் சாவியை எடுத்தாள். முகம் இன்னும் இளகவில்லை.

“வெண்பா எழுந்ததும் கூட்டிட்டு வந்து இதைக் காட்டு. விட்டுட்டுப் போயிட்டான்னு சொன்னல்ல, அதே வாயால சொல்லு, வந்துட்டுப் போனான்னு.”