இதுவும் பன்னெண்டுதான்

தா.பழூரில் நெல் அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடும் தனத்தின் லேண்ட்லைனைக் கழற்றிவிட்டு இன்டர்நெட் போனையும் அதற்கான மோடம் பெட்டியையும் மாட்டினார் டெலிபோன்காரர் சகாய ஆனந்த். ஊரெல்லாம் மனப்பாடமான எண் மாறவில்லை.

“கரண்ட் போனா மட்டும் இது வேலை செய்யாதுங்க.”

“அறுப்பு நாள்ல இப்படிச் சொன்னா எப்படி? இந்தப் பெட்டிக்கு எத்தனை வோல்ட்டு?”

“பன்னெண்டுங்க.”

கொட்டகையில் சும்மா கிடந்த டிராக்டர் பேட்டரியைத் தூக்கி வந்தாள் தனம். “இதுவும் பன்னெண்டுதான். மாட்டுங்க.”

அவர் மாட்டி முடித்துக் கருவிகளை எடுத்து வைப்பதற்குள் மின்சாரம் நின்றது. போன் அடித்தது. விக்கிரமங்கலத்து விவசாயி ஒருவர்.

“உங்க ஊரு ராஜதுரை மிஷினுக்குத்தான் முதல்ல அடிச்சேன், லைனே போகலைங்க. நீங்க வருவீங்களா?”

“நாளைக்கே வரோம்” என்று வைத்துவிட்டுத் தனம் திரும்பினாள்.

“ராஜதுரை வூட்டுலயும் நீங்கதானே மாட்டுனீங்க? பேட்டரியைப் பத்தி அங்க மூச்சு விடாதீங்க, தம்பி.”