குதிகால்

மாமா என் அக்காவின் கணவர். படகின் முன்முனையில் நின்று பயணிகளுக்கு விலங்குகளைக் காட்டுவார். நான் பின்னால் உட்கார்ந்து எஞ்சினைப் பிடிப்பேன். மூன்று மழைக்காலத்துக்கு முன்பு அவர் ஓட்டினார், நான் காட்டினேன். வழிகாட்டி பேட்ஜ் என் சட்டையில் இருந்தது.

முதலை பக்கத்தில் வரட்டும் என்று கோழிக்கால் வீசியவர் மாமா. அது விதிமீறல்; வனத்துறை அலுவலகத்தில் விசாரித்தபோது என் பெயரைச் சொன்னார். பேட்ஜ் அவர் சட்டைக்குப் போனது.

போன வருடம் அவர் கண்ணில் புரை விழுந்தது. இருபதடிக்கு அப்பால் கரை வெறும் பச்சைக் கரைசல். வெளியே சொல்லவில்லை. அக்காதான் என்னிடம் வந்து அழுதாள். அன்றிலிருந்து குதிகாலால் படகின் அடிப்பலகையைத் தட்டுகிறேன். ஒன்று இடக்கரை, இரண்டு வலக்கரை. எஞ்சினைத் தணித்தால் முதலை, அணைத்தால் நீர்நாய். மாமா வெறுங்காலோடு நிற்பார். அதிர்வு பாதத்தில் ஏறியதும் கையை நீட்டுவார்.

"கழுகுக் கண்ணு சார் உங்களுக்கு," என்பார்கள். அவர் மறுத்ததில்லை.

இன்று பேட்ஜைப் புதுப்பிக்க அதிகாரியம்மா நோட்டோடு ஏறினார். பயணிகள் எட்டுப் பேர். படகுத்துறையை விட்டதும் இரண்டு காலையும் தூக்கி எதிர் இருக்கைமேல் போட்டுக்கொண்டேன்.

முதல் வளைவில் சேற்றில் ஒரு முதலை, வாய் பிளந்து. எஞ்சின் ஒரே சீராக ஓடியது. பட்டமரத்தில் ஒரு ஜோடி இருவாச்சிப் பறவைகள். கடந்தோம்.

"அங்க ஏதோ நெளியுதே," என்றாள் ஒரு பெண்.

"அது வேரும்மா," என்றார் மாமா.

வேர் தலையைத் தூக்கி மீனைக் கடித்தது.

"இந்த ஊர்ல வேரெல்லாம் மீன் தின்னுமா சார்?" என்றான் அவள் கணவன். படகே சிரித்தது. அதிகாரி குறித்துக்கொண்டார்.

மாமா பின்னால் வந்து குனிந்தார்.

"மாப்ள, கால் வலியா?"

"இல்ல மாமா. நல்லாருக்கு."

"உங்கக்காவ நெனச்சுப் பாரு."

"கோழிக்கால் வீசினப்ப நீங்க நெனச்சீங்களா?"

திரும்பிப் போய் நின்றார்.

"வலது பக்கம் பாருங்க," என்றார் அதிகாரி. "என்ன இருக்கு?"

மாமா பாதத்தைப் பலகையில் அழுத்திக் காத்திருந்தார். கால்விரல்கள் விரிந்திருந்தன. நான் அசையவில்லை.

"தெரியலீங்க," என்றார்.

"ஓட்டுறவரே, உங்களுக்குத் தெரியுதா?"

எஞ்சினைத் தணித்தேன். "முதலை மேடம். பெட்டை. வால் நுனி இல்ல. பக்கத்துல மூணு குட்டி." துறையிலிருந்து கடந்த அத்தனையையும் வரிசையாகச் சொன்னேன். பயணிகள் பின்னால் திரும்பி வெற்று ஆற்றைப் பார்த்தார்கள்.

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"ஓட்டுறவன் பயணிங்ககிட்ட வாயத் தெறக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

அதிகாரி நோட்டை மூடினார். பேட்ஜுக்காக மாமாவிடம் கையை நீட்டினார். மாமா சட்டையில் ஊசியைத் தடவித் தேடினார். கிடைக்கவில்லை.

நான் எழுந்து போய்க் கழற்றி அதிகாரியிடம் கொடுத்தேன். ஒரு நூல்கூட இழுபடவில்லை.