கருகும் வாடை

பூந்தமல்லி மருத்துவமனை வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே கலைவாணிக்கு அந்த வாடை மூக்கில் ஏறியது. சில நாட்களாக வருவதும் போவதுமாக இருந்த அதே வாடைதான். பின்சீட்டில் கணவன் பார்த்தசாரதி இடப்பக்கக் கதவில் முதுகைச் சாய்த்து, வலது காலை சீட்டின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். தொடையிலிருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு.

"திரும்பவும் வருதுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, கலை."

அவனுக்குத் தெரியாதுதான். கொரோனா வந்து போனதிலிருந்து மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவன் மூக்குக்கு ஒன்றுதான். அதில் அவளுக்குக் குறையில்லை. ஆனால் தனக்கு எட்டாத ஒன்றை அவள் சொன்னால், அது அவளுடைய பிரமை என்று முடிவு கட்டிவிடுவான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சர்வீஸ் சென்டரிலும் வண்டியை நிறுத்திவைத்து இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை மேடம் என்று அனுப்பிவிட்டார்கள். "பாத்தியா?" என்றான் அன்றைக்கு. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஆவடி சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே யோசித்தாள். ஹேண்ட்பிரேக்கை விடாமல் ஓட்டுகிறோமா? இல்லை, விட்டுத்தான் இருந்தது. ஏசியை அணைத்தாள். வாடை போகவில்லை. கண்ணாடியை இறக்கினாள். வெளியே ஈரமண்ணும் டீசல் புகையும்தான். ஏற்றினாள், உள்ளே மறுபடி அதே வாடை. அப்படியானால் காருக்குள்தான் ஏதோ கருகுகிறது. எண்ணெய் கருகலோ டயர் கருகலோ இல்லை. வீட்டில் ஒருநாள் இஸ்திரிப்பெட்டி பிளக் உருகியபோது வந்ததே, அந்த வாடை.

சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. குப்பென்று வாடை கூடியது. அடுத்த பள்ளத்திலும் அப்படியே. அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. நிறுத்திவைத்த வண்டியில் சர்வீஸ் சென்டர்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

"ஏங்க, குலுங்கினாத்தான் வருது. ஏதோ ஒயர் எங்கயோ உரசுது."

ரியர்வியூ கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஓரமா நிறுத்து, கலை."

"என்னாச்சு?"

"கால் உடையறதுக்கு முன்னாடி நானே ஃபாக் லைட்டுக்கு ஒரு சிவப்பு ஒயர் இழுத்தேன்ல? அதுல ஃபியூஸ் போயிட்டே இருந்துச்சு. மாத்தி மாத்திச் சலிச்சுப்போய்... ஃபியூஸை எடுத்துட்டுக் கம்பியைச் சுத்தி வெச்சுட்டேன்."

அவள் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஸ்டியரிங்குக்குக் கீழே, வலது முழங்காலை ஒட்டி, வெள்ளைப் புகை கசிந்து மேலே எழுந்தது.

இண்டிகேட்டரைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்தினாள். சாவியைத் திருப்பி அணைத்தாள். புகை நிற்கவில்லை.

"சாவியை எடுத்தாலும் நிக்காது. பேட்டரியிலேர்ந்து நேரா வர்ற ஒயர். பேட்டரியைக் கழட்டணும். என்னை விடு, முதல்ல பானெட்டைத் திற!"

பானெட் லீவர் அந்தப் புகைக்குள்தான் இருந்தது. அவள் வெளியே குதித்தாள், ஆனால் பானெட் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு ஓடிப் பின்கதவைத் திறந்து, சாய்ந்து விழப்போனவனை மார்போடு தாங்கினாள். அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். பாதி உடம்புக்கு மேல் நகரவில்லை. காருக்குள் புகை அடர்ந்தது. அவன் இருமினான்.

பின்னால் வந்த ஆட்டோ ஒன்று சடக்கென்று நின்றது. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தான்.

"இன்னாக்கா, உள்ள ஒரே பொகையா கீது! நவுருங்க, நான் இடுப்பைப் புடிச்சிக்கிறேன்."

இருவருமாக இழுத்தார்கள். மாவுக்கட்டின் குதிகால் கதவு விளிம்பில் இடித்தது. பார்த்தசாரதி அலறிவிட்டான். அலறலோடே தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் கிடத்தினார்கள்.

"ஸ்பேனர் இருக்காப்பா? பேட்டரி கழட்ட."

"கீதுக்கா. ஆனா பானெட்ட தொறக்கணுமே!"

கலைவாணி துப்பட்டாவைச் சாலையோரத் தண்ணீரில் முக்கி மூக்கைச் சுற்றிக் கட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் கையை விட்டுத் துழாவினாள். உருகிய பிளாஸ்டிக் சொட்டு ஒன்று மணிக்கட்டில் விழுந்து ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்தாள். விரலில் லீவர் தட்டியது. இழுத்தாள்.

ஆட்டோக்காரன் மைனஸ் முனையைத் திருகிக் கழற்றி, பேட்டரியில் படாமல் வளைத்து ஒதுக்கினான். இருவரும் பின்வாங்கி நின்று பார்த்தார்கள். புகை மெலிந்தது, இழையானது, பிறகு வெறும் வாடை மட்டும் மிஞ்சியது. அவள் மூக்கைச் சுற்றியிருந்த துப்பட்டாவை அவிழ்த்தாள்.

"உன் பேர் என்னப்பா?"

"முகமது ஆசிக். குந்துங்கக்கா, கை வெந்துபோய் கீது பாருங்க."

மறுநாள், ஆவடிக்குக் கட்டி இழுத்துக் கொண்டுபோன வண்டியில் கார் எலக்ட்ரீஷியன் இராமகிருஷ்ணன் ஸ்டியரிங் அடியிலிருந்த பிளாஸ்டிக் பலகையைக் கழற்றினார். இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருந்த தகட்டில் ஒரு ஓட்டை. அதன் வழியாகத்தான் சிவப்பு ஒயர் உள்ளே வந்திருந்தது. ஓட்டையைச் சுற்றி ரப்பர் இல்லை. குலுங்கும்போதெல்லாம் தகட்டின் கூர் விளிம்பு ஒயரின் தோலைச் சீவி, கடைசியில் செம்பு வெளியே தெரிந்து தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபியூஸ் ஏன் போய்க்கொண்டே இருந்தது என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. பக்கத்து ஒயர்களும் சேர்ந்து கருகியிருந்தன. அவற்றையெல்லாம் வெட்டி மாற்றினார்.

"ஃபாக் லைட்டுக்குப் புதுசா ஒயர் இழுத்து, ஃபியூஸ் போட்டுத் தந்துரட்டுமாம்மா?"

"வேணாம். லைட்டையே கழட்டிருங்க."

திரும்பும்போது பருத்திப்பட்டு ஏரியோரச் சாலையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கண்ணில் பட்ட பள்ளத்தில் எல்லாம் வேண்டுமென்றே சக்கரத்தை இறக்கினாள். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. எந்த வாடையும் இல்லை.

வீட்டில் கட்டிலில் கிடந்தவன் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்."

பரவாயில்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவள் சொல்லவில்லை.

"ஆமா," என்றாள். "கேட்டிருக்கணும்."

அவன் தலையாட்டினான். அவள் அவன் காலடித் தலையணையைச் சரிசெய்து, குதிகாலை மெதுவாகத் தூக்கி வைத்தாள்.