எலுமிச்சை இலையில் ஒரு புகார்

ஜூன் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, நான்கு மாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. பேச ஒரே விஷயம்: மூன்றாம் மாடித் தையல்காரரின் லவ் பேர்ட்ஸ் ஜோடியை வெளியேற்றுவதா, வேண்டாமா?

புகார் இரண்டாம் மாடி மருந்துக்கடை அக்காவுடையது. சாட்சியாகத் தன் எலுமிச்சைத் தொட்டியையே தூக்கி வந்திருந்தார். இலையில் கறுப்பும் வெள்ளையுமாக எச்சம்.

“போன வாரம் கடுகளவு இருந்துச்சு. இப்பப் பாருங்க, வேர்க்கடலை. தீனியக் கூட்டிட்டாரு!”

“கூண்டுக்குள்ள இருக்கிறது எப்படிக்கா வளைஞ்சு வந்து உங்க செடியில போகும்?” என்றார் தையல்காரர்.

“கூண்டுத் தட்ட பால்கனிக்கு வெளிய தட்டிக் கவுக்கிறது யாரு, நானா?”

தையல்காரர் அண்ணாந்து மூன்றாம் மாடியைப் பார்த்தார். நாளெல்லாம் அவர் கத்தரிச் சத்தத்துக்குப் பதில் கொடுப்பவை அந்த இரண்டும்தான்.

செயலாளர் பல் டாக்டர். எதையும் தட்டிப் பார்க்காமல் முடிவு சொல்லமாட்டார். பேனாவால் எச்சத்தைத் தட்டினார். எச்சம் தலையைத் தூக்கி, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி, நாற்றம் விட்டது. டாக்டர் நாற்காலியோடு பின்னால் போனார்.

“அக்கா, என் குருவி கொம்பு வெச்சா போகுது?”

டாக்டர் செல்போனில் தேடினார். வண்ணத்துப்பூச்சியின் புழு. பறவை கொத்தாமலிருக்க எச்சம் மாதிரி வேஷம் போடுமாம்.

“பறவைய ஏமாத்தப் போட்ட வேஷம், பறவை மேலயே கேஸ் போட வெச்சிடுச்சே!” என்றார் தையல்காரர்.

ஆனால் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுவும் ஒரே சாயல். “குற்றவாளி பேர் தெரியாம எப்படித் தீர்ப்பு எழுதுறது?” என்று டாக்டர் ஒத்திவைத்தார்.

அன்று முதல் தையல்காரர் தினமும் இரண்டாம் மாடிக்கு இறங்கினார். வேஷம் கலைந்து புழு பச்சையானது. இலைகளை மொட்டையடித்தது. அக்காவின் கணவர் பூச்சிமருந்தை எடுத்தபோது அக்காவே பிடுங்கி வைத்தார். “சாட்சியக் கொல்லப் பாக்கிறீங்களா?”

பிறகு புழு குச்சியில் ஒட்டி, இடுப்பில் ஒரு நூலைச் சுற்றிக்கொண்டு கூட்டுப்புழுவானது. “ஒத்த நூல்ல என்ன பிடி பாருங்கக்கா!” என்றார் தையல்காரர், தொழில் மரியாதையோடு.

ஜூலை முதல் வாரம் கூடு பிளந்தது. கறுப்பில் மஞ்சள் புள்ளிகள், பின்னிறக்கையில் ஒரு சிவப்புப் பொட்டு. கறிவேப்பிலை அழகிக்கு இருக்கும் வால் இதற்கு இல்லை. டாக்டர் எலுமிச்சை அழகி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூண்டு மூன்றாம் மாடியிலேயே இருக்கிறது. எலுமிச்சைச் செடியில் இரண்டு இலைகள் மிச்சம்.