தொப்பிக் குறி

போட்டோக் கடைக்காரர் ஐந்தாவதோடு படிப்பை மூட்டை கட்டியவர். ஆனால் நெகட்டிவில் தூசியோ கீறலோ புள்ளியோ, அவர் கண்ணுக்குத் தப்பாது. நாற்பது வருடம் மெல்லிய தூரிகையோடு குந்தி, வந்தவர் போனவர் முகத்தையெல்லாம் துடைத்துவிட்டவர். கம்ப்யூட்டரை அவர் நம்பவில்லை. அதைக் கட்டி மேய்க்கும் மருமகளையும் முழுசாக நம்பவில்லை.

பழைய டிஸ்க் நிரம்பியதால் மருமகள் படங்களைப் புது டிஸ்க்குக்கு மாற்றியிருந்தாள். எந்தப் படம் எங்கே என்று ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு வரியும் 'படம்' என்று தொடங்கும். அப்புறம் சாய்கோடு, 'குடும்பப்படம்', வருடம், ஆள். தொடக்கத்தில் இருக்கும் 'படம்' மட்டும் 'புதுடிஸ்க்' ஆக வேண்டும். பன்னிரண்டாயிரம் வரி. அத்தனையையும் ஒரே தட்டில் மாற்ற, ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று தேடி மாற்றுகிற ஒரு குறிமொழியாம், அதில் ஒரு வரி எழுதித் திரையில் நிறுத்திவிட்டு, எதையும் தொடவேண்டாம் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவரப் போனாள்.

மாமனார் காவலுக்கு உட்கார்ந்தார். வரியின் தலைமாட்டில் தொப்பி மாதிரி பொடிசாக ஒன்று. துணியால் துடைத்தார், போகவில்லை. அழிக்கிற பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார், போய்விட்டது. கை பழகிய வேலை, அப்போதே மறந்தும் போனார். திரும்பி வந்தவள் பார்க்காமலே வேலையை ஓட்டிவிட்டாள்.

மறுநாள் தையல்காரம்மா வந்தாள். போன மாதம் செத்துப்போன அக்கா முகத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும். அக்காளும் அவளும் ஒரே பிரசவம். பத்து வயதில் இங்கே எடுத்த படம் ஒன்றுதான் மிச்சம். மருமகள் தேடினாள். படம் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

"நாப்பது வருஷம் நான் காப்பாத்தினத நாலு நாள்ல தொலச்சிட்டா பாருங்கம்மா" என்றார் அவர், தையல்காரம்மாவிடம். மருமகள் காதுமடல் சிவந்தது. பட்டியலைத் திறந்தாள். 'குடும்பப்படம்' எல்லாம் 'குடும்பப்புதுடிஸ்க்' ஆகியிருந்தது.

"முன்னாடி ஒரு தொப்பிக் குறி இருக்கணும் மாமா. ஆரம்பத்துல இருக்கறத மட்டும் மாத்துன்னு சொல்றது அதுதான். போட்டேன்னுதான் நெனச்சேன்... விட்டிருக்கேன் போல."

துணிக்குப் போகாத அந்தப் பொடிசு அவர் நினைவுக்கு வந்தது. மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

பழைய பட்டியல் நகல் இருந்தது. குறியைப் போட்டு மறுபடி ஓட்டினாள், படம் வந்தது. இரண்டு சிறுமிகள், ஒரே சட்டை, ஒரே பின்னல். முகமிரண்டும் கழுவிய கண்ணாடி.

தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தாள்.

"அக்கா கன்னத்துல ஒரு மச்சம் இருக்குமே. அதை வச்சுத்தான் எங்கம்மாவே ஆள் கண்டுபிடிக்கும். இதுல நான் யாரு, அக்கா யாரு?"

மருமகள் தடுமாறினாள். ஸ்கேன் செய்தபோது தன்னால்தான் ஏதாவது ஆகியிருக்கும் என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா" என்றார் கிழவர். தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அதையும் நான்தான் அழிச்சேன்."

அந்த 'அதையும்' காதில் விழுந்ததும் மருமகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. தையல்காரம்மா திரையில் ஒரு கன்னத்தைத் தொட்டாள், பிறகு மற்றதை.