சத்தமே வராத கிடார்

குப்பைத் தொட்டியில் கிடக்கும் ஒயின் பாட்டில்களை வைத்தே எந்த வீட்டில் என்ன சண்டை என்று சொல்லிவிடுவாள் பிரெண்டா. அப்பேர்ப்பட்டவள் கோட்டை விட்டது, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட பிலிப்பா வீட்டு விஷயத்தில்.

இங்கிலாந்தின் கென்ட்டில் அவர்கள் ஊர் ஆண்பிள்ளைகளின் கிராமர் பள்ளி நானூறு வருஷத்துப் பழசு. கட்டணம் கிடையாது. பத்து வயதில் எழுதும் பரீட்சையில் தேறினால் உள்ளே. இல்லையென்றால் ஊருக்கு அந்தக் கோடியிலுள்ள இன்னொரு பள்ளி. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அதை எழுதவேண்டிய வருஷம் பூராவும் வேலிக்கு மேல் தலையை நீட்டி பிலிப்பா சொன்னது இதுதான்: "டியூஷனா? பாவம், பிள்ளைங்க விளையாடட்டுமே! எங்க ரூபர்ட்டுக்கு வியாழக்கிழமை கிடார் கிளாஸ் மட்டும்தான்."

அதை நம்பித் தன் மகன் ஓவனைப் பந்தாட விட்டாள் பிரெண்டா.

அக்டோபரில் முடிவு வந்தது. ரூபர்ட் உள்ளே, ஓவன் வெளியே. "நான் மக்காம்மா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தான்.

அடுத்த வியாழன். நாயோடு போனவள், கிடார் வாத்தியார் தேவாலயத்துக்குப் பின்னால் காரை நிறுத்துவதைப் பார்த்தாள். பிலிப்பா வாசலில் இடம் காலியாகக் கிடக்க, இங்கே எதற்கு? ரூபர்ட்டுக்கு முடிந்தாயிற்று, இனி அவன் தம்பிக்குக் கிளாஸாம். காரிலிருந்து இறக்கிய கிடார் பெட்டி வாயைப் பிளந்தது. உள்ளே கட்டுக்கட்டாக மாதிரி வினாத்தாள்.

அப்போதுதான் உறைத்தது. அந்தச் சுவர் வழியே தும்மல்கூடக் கேட்கும். கிடார் ஒரு நாளும் கேட்டதில்லை. என்ன அடக்கமான பிள்ளை என்று மெச்சியவளும் இவளே!

நேரே போய்க் கதவை இடித்தாள். "உண்மையைச் சொல்லியிருந்தா உன் வாய்முத்து உதிர்ந்திருக்குமா?"

"ஐயோ பிரெண்டா, எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அதைப் போய் யாராவது நம்புவாங்களா? வா, டீ குடி."

"உன் டீயை அந்தக் கிடார்ல ஊத்து!"

வீட்டுக்கு வந்து வாணலியை எடுத்துச் சுவரில் அறைந்தாள். "வாசிங்கப்பா! நாங்களும் கேக்குறோம்!" ஓவன் ஒரு கரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றான்.

மறு வியாழன் பெட்டியில் நிஜமாகவே ஒரு கிடார் வந்தது. டொய்ங் என்றது ஒரு கம்பி.

"இன்னும் சத்தமா!" என்றாள் பிரெண்டா.

கம்பி ஓயும்போதெல்லாம் வாணலி பேசியது. அன்று தம்பிக்குக் கணக்கு நடக்கவில்லை.