தலைக்குத் தண்ணீர் ஊற்றியவர்

கணவர் மேடையில் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார். வாளியும் இல்லை, தண்ணீரும் இல்லை. காற்றுக்குள் கையை விட்டுச் சூடு பார்த்தார். பிறகு யாருடைய தலையையோ இடது உள்ளங்கையில் தாங்குவதுபோல் குனிந்து, வலது கையால் மெல்ல ஊற்றினார். அந்தத் தலை தன்னுடையது என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரிக்குத் தெரியும். ஊற்றிய கை அவருடையது இல்லை என்பதும் தெரியும்.

அட்டைப்பெட்டி செய்யும் ஆலையின் சாப்பாட்டுக் கூடம் அது. மேசைகளை ஓரம் கட்டிவிட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நீலச் சட்டை போட்ட இருநூறு பேர், வேலையிலிருந்து தப்பித்த இரண்டு மணி நேரத்தைக் கொட்டாவியோடு அனுபவிக்க வந்தவர்கள். இப்போது ஒருவரும் கொட்டாவி விடவில்லை. மூன்றாம் வரிசையில் ஒருத்தி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“ஒம்பது மாசம்,” என்றார் கணவர் ஒலிவாங்கியில், குரலைத் தாழ்த்தி. “தலை வாராம, பல்லு வெளக்காம, சுவத்தப் பார்த்துப் படுத்திருந்தா என் மனைவி. நான் என்ன பண்ணினேன்? புத்தி சொல்லல. பக்கத்துல உக்காந்தேன். அவ்வளவுதான்.”

ஒன்பது மாதம் என்பது சரிதான். ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோன குழந்தையை எடுத்துவிட்டு வெறும் கையோடு வீட்டுக்கு வந்தவள், கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சொந்தக்காரர்களுக்கு ரத்தம் கம்மி என்று சொல்லப்பட்டது. கணவர் பத்து நாள் “மனசத் தைரியமா வச்சுக்கோ” என்று சொன்னார். பதினோராம் நாள், வைத்துக்கொண்டாயா இல்லையா என்று கேட்காத குறைதான். அப்புறம் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். ஒரு நாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், “இன்னும் எத்தன நாளைக்கு இந்த நாடகம்?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டார்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் நாத்தனார், அவருடைய அக்கா. பேக்கரியில் விடியற்கால ஷிப்ட் முடிந்ததும் முழங்கை மாவுகூடக் கழுவாமல் நேராக வருவாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சூப்பர்வைசரைத் திட்டுவாள், கால் வலியைத் திட்டுவாள், திட்டி முடித்ததும் கிளம்பிப் போவாள். இப்படியே எட்டு மாதம் போனபின் ஒரு மத்தியானம் போர்வையைப் பிடித்து உருவினாள்.

“எந்திரி. பல்ல மட்டும் வெளக்கு. செத்துத்தான் போகணும்னாலும் நாத்த வாயோட போகாத.”

தையல்காரியின் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. பல் விளக்கினாள். அடுத்த வாரம் நாத்தனார் வெந்நீர் போட்டாள். தலைமுடி சடைசடையாய்ச் சிக்கு விழுந்திருந்தது. இரண்டு மணி நேரம் பிரித்துப் பார்த்தும் பிரியாததை, “உன் துணி வெட்டுற கத்திரிதான், கோவிச்சுக்காத,” என்று சொல்லி வெட்டி எறிந்தாள். பிறகு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து பெஞ்சில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கினாள். மாத்திரை பதினான்கு மாதம் ஓடியது.

இடையில் ஒரு நாள் தம்பியைப் பிடித்துக் கேட்டாள், கட்டினவளைப் பார்த்துக்கொள்ள உனக்கு வக்கில்லையா என்று. வீட்டுப் பக்கம் வராதே என்றார் தம்பி. அன்றோடு சரி. இப்போது நாத்தனாரும் தையல்காரியும் பேக்கரியின் பின்வாசலில் நின்றுதான் பேசிக்கொள்வார்கள்.

கணவர் அப்போது தண்ணீர் வடிகட்டும் எந்திரம் விற்றுக்கொண்டிருந்தார். ஊழியர்களின் மனநலத்தைப் பற்றிப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று கம்பெனியில் தேடியபோது, நன்றாகப் பேசுகிறவர் என்று இவரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சான்றிதழோடும் கொஞ்சம் புதிய வார்த்தைகளோடும் வந்தார். பிற ஆலைகளும் அவரைப் பேசக் கூப்பிட ஆரம்பித்தன. இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் பின், கண்ணாடி முன் நின்று அவர் பேசிப் பழகியதைத் தையல்காரி அடுத்த அறையிலிருந்து கேட்டாள். அவளுடைய கட்டில், அவளுடைய சுவர், அவளுடைய தலைமுடி. எல்லாம் சரியாக இருந்தது. ஆளை மட்டும் மாற்றித் தைத்திருந்தார், தையல் தெரியாமல்.

“அது அக்கா பண்ணினதுல்ல?” என்று கேட்டாள்.

“யாரு பண்ணினா என்ன? நாத்தனார்னு சொன்னா கேக்கறவங்களுக்கு ஒட்டாது. புருஷன்னு சொன்னாத்தான் மனசுல ஏறும். நாலு பேருக்கு நல்லது நடக்குதா இல்லியா, அதப் பாரு.”

நாலு பேர் என்ன, நாற்பது பேர் நிஜமாகவே அழுதார்கள். நாத்தனாரிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: “தண்ணி மூக்குல ஏறி நீ என்னை அறைஞ்சியே, அதையும் சொல்றானா?”

“இல்ல.”

“அப்ப அவனுக்குத் தெரியாது,” என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மேடையில் இப்போது கணவர் இவள் பக்கம் கையை நீட்டினார். “மீதிய அவங்களே வந்து சொல்லட்டும்.” அவள் மேடையேறினாள். மனப்பாடம் செய்த இரண்டே வாக்கியங்கள்தான். என் கணவர் என் கையை விடவில்லை. அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். எச்சில் தொட்ட நூல் ஊசிக்காதில் நுழைவதுபோலத் தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது. கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது.

கூட்டம் முடிந்ததும் பெண்கள் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். நிமிர்ந்தபோது கண்ணாடியில் பின்னால் ஒருத்தி நின்றாள். மூன்றாம் வரிசைக்காரி. சட்டைப் பையின்மேல் ‘பேக்கிங்’ என்று எழுதியிருந்தது. சட்டையின் இடுப்பை இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திப் பிடித்திருந்தாள். உடம்பு இளைத்தவர்கள் சட்டையைத் தையற்கடைக்குக் கொண்டுவருவார்கள். கொண்டுவரத் தெம்பில்லாதவர்கள்தான் ஊக்குக் குத்திக்கொள்வார்கள்.

“ஒண்ணு கேக்கலாமா மேடம்?”

“கேளுங்க.”

பேக்கிங்காரி கதவைத் திரும்பிப் பார்த்தாள். குழாயைத் திறந்துவிட்டாள், வெளியே கேட்கக்கூடாது என்பதற்காக.

“எனக்கும் அப்படித்தான் இருக்கு. வேலைக்கு வந்துடறேன், கை பாட்டுக்குப் பெட்டி மடிக்குது. உள்ள ஒண்ணுமே இல்ல. வீட்ல சொன்னதில்ல. சார் பேசினதக் கேட்டதும், சாயங்காலமே அவர்கிட்ட சொல்லிடலாம்னு இருக்கு.” நிறுத்தினாள். “சொன்னா அவரும் சார் மாதிரி பார்த்துக்குவாருல்ல?”

பார்த்துக்குவாரு என்று சொல்வது சுலபம். ஒரே வார்த்தை. மேடையில் அதைவிடப் பெரிய வார்த்தைகள் எல்லாம் வந்தன. ஆனால் தையல்காரியின் கண்ணில் பட்டது அந்தச் சாயங்காலம். இந்தப் பெண் நாள் முழுக்கச் சேர்த்துவைத்த தைரியத்தோடு வாயைத் திறப்பாள். எதிரில் ஒருவர் முகத்தைப் பார்க்காமல் ஏதோ கேட்பார். அதற்கப்புறம் இவள் இன்னொரு முறை வாயைத் திறக்க எத்தனை வருஷமாகும்?

“உங்க வீட்டுக்காரர எனக்குத் தெரியாது,” என்றாள். “ஆனா என் வீட்டுக்காரர் எனக்குத் தண்ணி ஊத்தல. அவங்க அக்காதான் ஊத்தினாங்க.”

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப சார் சொன்னது பொய்யா?”

“நடந்ததெல்லாம் நடந்ததுதான். ஆள்தான் வேற.”

“டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது?”

“அதுவும் அவங்கதான்.”

பேக்கிங்காரி குழாயை மூடினாள். மூடிய பிறகும் அதன்மேலேயே கையை வைத்திருந்தாள்.

“நீங்கதான மேடையில ஏறி அவருதான்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“ஏன் சொன்னீங்க?”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். வீட்டில் சண்டை வேண்டாம் என்பதும், நாலு பேருக்கு நல்லது என்பதும் அவளுக்கு நினைவு வந்தன. இத்தனை நாள் போதுமான காரணங்களாக இருந்தவை, இந்த ஈரத் தரையில் வைத்துப் பார்க்கும்போது ஒன்றுக்கும் உதவவில்லை.

“ரெண்டு மணி நேரமா சொல்லிடலாம், சொல்லிடலாம்னு நெனச்சிட்டிருந்தேன்,” என்றாள் பேக்கிங்காரி. “அதையும் எடுத்துட்டீங்க. நான் இப்ப யார்கிட்டப் போவேன்?”

“டாக்டர்கிட்டப் போகலாம். தனியாப் போக வேணாம், நான் வர்றேன். என் நம்பரச் சொல்றேன்.” சொன்னாள். மறுபடியும் ஒருமுறை, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னாள். பேக்கிங்காரி குறித்துக்கொள்ளவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

கூடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேக்கிங் பிரிவின் முறை வந்ததும் அவர்களுடைய சூப்பர்வைசர் எல்லோரையும் தள்ளித் தள்ளி வரிசையில் நிறுத்தினார். விலகி நின்ற பேக்கிங்காரியையும் தோளைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து விட்டார். கணவர் தையல்காரியைப் பார்த்துவிட்டார்.

“வா, வா. நீ இல்லாம எப்படி?”

அவள் போய் நின்றாள். கணவருக்கும் அவளுக்கும் நடுவில் பேக்கிங்காரி. கணவர் அந்தப் பெண்ணின் தோளில், தகப்பன்போல, கையை வைத்தார். அந்தத் தோள் அரை அங்குலம் கீழே இறங்கியதைத் தையல்காரி கவனித்தாள். கைக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

“எல்லாரும் இங்க பாருங்க,” என்றான் போட்டோக்காரன்.

எல்லோரும் பார்த்தார்கள். பேக்கிங்காரி மட்டும் முகத்தைத் திருப்பித் தையல்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. எண்களா, ஏச்சா என்று தெரியவில்லை. போட்டோக்காரன் இன்னும் ஒரு தடவை என்று விரலைத் தூக்கினான்.